பென்சிலுக்கு முன்னால் மாவு உருண்டை

இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, கையைப் பிடித்து 'அ' எழுத வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கை இன்னும் வளர்ந்து முடியவில்லை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக இறுகப் பல வருடங்கள் ஆகும். விரல் தசைகளுக்கும் வலு வர வேண்டும். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டியால் பிடித்துக் கிறுக்குவது தப்பே இல்லை, திருத்தாதீர்கள். மூன்று விரல் பிடி 4 வயதை ஒட்டித்தான் கூடி வரும்.

விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலால்தானே எழுத வைக்கிறோம்? மறுநாளே தட்டு உள்ளே போய், நோட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்தத் தட்டையே இன்னும் கொஞ்ச காலம் விட்டு வைக்கலாம். ரவையிலும் ஈர மணலிலும் கோடு இழுக்கட்டும்.

அடுத்த தவறு நம் அவசரம். என் மகளுக்கு ஒன்றரை வயதில் எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவு கொடுத்தேன். முதலில் உள்ளங்கையால் தட்டினாள். அப்புறம் ஆட்காட்டி விரலால் குழி போட்டாள். சில நாட்களில் கிள்ளிக் கிள்ளி வரிசையாக ஒட்ட ஆரம்பித்தாள். "இப்படி உருட்டு" என்று நான் கையை நீட்டியதும் மாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து பக்கத்தில் உட்காருவதோடு சரி. பின்னால் சட்டைப் பொத்தான் போடப்போவதும் அந்தக் கிள்ளும் விரல்கள்தானே! சாப்பாடும் அப்படித்தான். ஒரு வயதை ஒட்டி விரல் நுனியால் பொறுக்கும் பிடி வந்துவிடும். இட்லியைச் சின்னதாகப் பிட்டுத் தட்டில் வையுங்கள். பாதி தரையில் விழும், விழட்டும்.

பருப்பு பொறுக்குவது, மணி கோப்பது எல்லாம் வீடியோவில் அழகாக இருக்கும். 3 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். பதிலுக்கு ஸ்பாஞ்சை நனைத்து இன்னொரு கிண்ணத்தில் பிழியச் சொல்லுங்கள், பழைய செய்தித்தாளைக் கிழிக்க விடுங்கள், எலுமிச்சம்பழங்களைப் பாத்திரத்தில் போட்டு எடுக்கட்டும். எதுவானாலும் நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

செல்போனைத் தேய்ப்பதைக் கை வேலையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணாடியைத் தேய்க்க வலுவே தேவையில்லை. 2 வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, இடது கையால் எடுத்தால் தட்டிவிடாதீர்கள். எந்தக் கை என்று நிலைக்கச் சில வருடங்கள் பிடிக்கும். அதே சமயம், ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, இன்னொரு கையை மடக்கியே வைத்திருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.