ஒரு கிலோ தக்காளிக்கு எத்தனை கிராம் கார்பன்? ராமநாதபுரம் கரையோரத் தோட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

தேவையானவை: ஒரு நோட்டு, போனில் கால்குலேட்டர், உரக்கடை ரசீதுகள், மோட்டார் ஓடிய நேரம். ரசீதும் நேரமும் இல்லாமல் ஞாபகத்தை வைத்துப் போடும் கணக்கு பெரும்பாலும் குறைத்தே காட்டும். யாரும் செலவைக் கூட்டி நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கார்பன் தடம் என்பது, ஒரு பொருளை விளைவித்து விற்பதுவரை காற்றில் சேர்ந்த வெப்ப வாயுக்களின் மொத்தம். எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கிலோவாக மாற்றி எழுதுவோம். கீழே வரும் எண்கள் ஒரு மாதிரி ஏக்கருக்கானவை. உங்கள் தோட்டத்துக்கு உங்கள் எண்களைப் போடுங்கள்.

1. எல்லை கட்டுங்கள்

ஒரு ஏக்கர், ஒரு பட்டம் (ஒரு சாகுபடிப் பருவம்), உழவு முதல் சந்தை வாசல் வரை. ஹெக்டேர் கணக்கில் வரும் சிபாரிசுகளை 2.47 ஆல் வகுத்துவிட்டு எழுதுங்கள். புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

2. மோட்டார்

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்ல பில் கிடையாது. நாமே கணக்குப் போட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) இருக்கும். மோட்டார் ஓடும்போது மூன்று வயரில் ஒவ்வொன்றாக மாட்டி ஆம்பியரைப் பார்த்து, சராசரியை எடுங்கள். 5 எச்.பி. மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள்:

1.732 × 415 வோல்ட் × 8 ஆம்பியர் × 0.82 பவர் ஃபேக்டர் = சுமார் 4,700 வாட். அதாவது மணிக்கு 4.7 யூனிட்.

நாளுக்கு 2 மணி நேரம், 100 நாள் என்றால் 940 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆக 658 கிலோ. "கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறதே, நம்ம கரண்ட் சுத்தம்தானே?" என்று கேட்கலாம். அந்த மின்சாரம் பொதுத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. உங்கள் மோட்டாருக்கு வருவது நிலக்கரியும் சூரியனும் சேர்ந்த கலவைதான். தோட்டத்திலேயே சோலார் பம்ப் வைத்திருந்தால் மட்டும் இந்த வரி கிட்டத்தட்ட பூஜ்யம்.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் குடித்த லிட்டரை 2.68 ஆல் பெருக்குங்கள். 5 எச்.பி. இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் அளவில் குடிக்கும், பழசானால் கூடுதலாக. 200 மணிக்கு 536 கிலோ. கரண்ட் மோட்டாரைவிடக் குறைவாக வருகிறதே என்று பார்க்காதீர்கள். டீசலை எடுத்து, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவரும் பங்கையும் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இங்கே கணக்கைக் கவிழ்ப்பது ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுதியது 2 மணி நேரம், ஓடியது 5 மணி நேரம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு ஹவர் மீட்டர் மாட்டினால் இந்தச் சந்தேகமே வராது. கரையோர உப்புத் தண்ணீரில் இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அரித்துப்போவதும், சொட்டுநீர் டிரிப்பரில் உப்புப் படிந்து அடைப்பதும் சகஜம். அதே தண்ணீரைப் பாய்ச்ச நேரம் கூடிக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியாமலே.

3. உரம்

யூரியாவின் எடை வேறு, அதில் உள்ள தழைச்சத்தின் (நைட்ரஜன்) எடை வேறு. யூரியாவில் 46 சதவீதம், டி.ஏ.பி.யில் 18 சதவீதம். மாதிரி ஏக்கரில் யூரியா 2 மூட்டை (45 கிலோ வீதம் 90 கிலோ), டி.ஏ.பி. 2 மூட்டை (50 கிலோ வீதம் 100 கிலோ). தழைச்சத்து 41.4 + 18 = 59.4 கிலோ.

இது மூன்று வழியில் கார்பனாகிறது:

மண்ணில் இட்ட தழைச்சத்தில் சுமார் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கிறது. இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். வாய்பாட்டைச் சுருக்கினால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 4.29 கிலோ. 59.4 × 4.29 = 255.

யூரியா மண்ணில் கரையும்போதே தன்னுள் இருக்கும் கார்பனை விட்டுவிடும். கிலோவுக்கு 0.73. 90 கிலோவுக்கு 66.

ஆலையில் தயாரிப்பதற்கு, தோராயமாக ஒரு கிலோ தழைச்சத்துக்கு 3 கிலோ என்று வைத்தால் 178.

மொத்தம் 499 கிலோ.

"நான் இயற்கை உரம்தான் போடுகிறேன்" என்பவருக்கும் விலக்கு இல்லை. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில் இருக்கும். மாதிரி ஏக்கரில் யூரியா, டி.ஏ.பி.யோடு இதையும் 5 டன் போட்டதாக வைத்தால் 25 கிலோ, அதிலிருந்து 107 கிலோ. ஆலைப் பங்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டுக்கிடை போட்டிருந்தால் எருவில் தழைச்சத்து இன்னும் அதிகம். கிடை போட்ட வயலில் யூரியாவைக் குறைக்காமல் அதே இரண்டு மூட்டையைக் கொட்டுவதுதான் இந்தப் பக்கம் அதிகம் நடக்கும் வீண்செலவு.

4. சில்லறை வரிகள்

டிராக்டர்: 18 லிட்டர் டீசல், 48 கிலோ. பூச்சிமருந்துக்கு 30 கிலோ என்று போட்டுக் கடந்துவிடலாம், மொத்தத்தில் சிறிய பங்கு.

பாத்தியை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டை மட்டும் சரியாகக் கணக்கில் போடுங்கள். 25 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 23 கிராம். பாத்திக்குப் பாத்தி 1.5 மீட்டர், ஷீட் அகலம் 1.2 மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 74 கிலோ பிளாஸ்டிக். தயாரிக்க 150 கிலோ கார்பன். கடற்காற்றுக்கு ஓரத்தை நன்றாக மண்ணில் புதைக்காவிட்டால் பாதிப் பட்டத்திலேயே கிழிந்து, இன்னொரு ரோல் வாங்க வேண்டிவரும். அறுவடை முடிந்து ஷீட்டைக் கொளுத்தினால் கிலோவுக்கு இன்னும் 3.14 கிலோ, அதாவது மேலும் 232. சொட்டுநீர்க் குழாயை எத்தனை பட்டம் பயன்படுத்துகிறீர்களோ அத்தனையால் வகுத்து ஒரு பங்கை எழுதுங்கள். மாதிரியில் அதைச் சேர்க்கவில்லை.

5. வண்டி

குட்டி யானையில் நடைக்கு 700 கிலோ, சந்தை 30 கிலோமீட்டர், போகவர 60. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் நடைக்கு 4 லிட்டர். 12 டன்னுக்குச் சுமார் 17 நடை, 68 லிட்டர், 182 கிலோ. திரும்பும் காலி வண்டியையும் எண்ண மறக்காதீர்கள்.

6. வகுத்தல்

658 + 499 + 107 + 48 + 30 + 150 + 182 = 1,674 கிலோ. 12 டன் விற்றால் கிலோவுக்கு 140 கிராம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் எரிவாயுவால் சூடேற்றும் கண்ணாடிக்கூடத் தக்காளிக்குக் கிலோவுக்கு 2 கிலோ அளவுக்கு வருவதுண்டு. அதைக் காட்டிப் பெருமைப்பட வேண்டாம், அவர்கள் பிரச்சினை வேறு.

நம் பிரச்சினை உப்பு. மண்ணின் நிறைவுச் சாற்றில் (தண்ணீரில் முழுக்க ஊறிய மண்ணிலிருந்து பிரித்த நீர்) உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் தாண்டினால், கூடும் ஒவ்வொரு அலகுக்கும் தக்காளி விளைச்சல் சுமார் 10 சதவீதம் விழும். 4.5 இருந்தால் 20 சதவீதம் போச்சு. 12 டன் 9.6 டன்னாகிறது. வண்டிச் செலவு தவிர வேறெந்த வரியும் குறையாது. கிலோவுக்கு 171 கிராம் ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: மண் பரிசோதனை நிலையங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு தண்ணீரில் கலக்கி அளக்கும். அந்த எண் சிறியதாக வரும். அதை நேராக 2.5 உடன் ஒப்பிட்டு "நம்ம மண் நல்ல மண்" என்று முடிவு கட்டாதீர்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

வகுப்பது விற்ற எடையால், பறித்த எடையால் அல்ல. விலை இல்லாமல் 2 டன்னை வரப்பில் கொட்டினால் மீதி 10 டன்தான் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். 164 கிராம்.

எதை முதலில் குறைப்பது

ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றி நாளுக்கு அரை மணி நேர ஓட்டத்தைக் குறைத்தால் பட்டத்துக்கு 165 கிலோ மிச்சம். எருவுக்கு ஈடாக அரை மூட்டை யூரியாவைக் குறைத்தால் 92 கிலோ. அடைத்த டிரிப்பர்களை ஆசிட் விட்டுக் கழுவுவது மூன்றாவது. ஆசிடைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. கழுவி முடித்ததும் கடைசி மூடிகளைத் திறந்துவிட்டு, வரும் தண்ணீர் தெளிவாகும் வரை ஓடவிடுங்கள்.