சுங்குடிக் கடைக்கு வெப்சைட்: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் என் சித்தப்பாவுக்குச் சின்னதாக ஒரு சுங்குடிப் புடவைக் கடை. "நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடுடா" என்று அவர் கேட்டபோது நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து, "ஒரு வாரத்துக்கு ஃபோன்ல யார் என்ன கேட்டாலும் இதுல எழுதுங்க சித்தப்பா" என்றேன். முனகிக்கொண்டேதான் எழுதினார்.

வாரக் கடைசியில் பார்த்தால் ஐந்தே கேள்விகள்தான் மாறி மாறி வந்திருந்தன. கை முடிச்சா, பிரிண்டா? சாயம் போகுமா? ஆறு கஜமா, ஒன்பது கஜமா? கூரியரில் அனுப்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? தளத்துக்கு என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. "எங்களைப் பற்றி" என்று நீட்டி முழக்குவதெல்லாம் அப்புறம். முதல் கேள்விக்குத் தனிப் பக்கமே ஒதுக்கினேன். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய புடவையில் புள்ளிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்து நிற்கும். மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சங்கதியையும் அதிலேயே ஒரு வரியில் சேர்த்தேன்.

அடுத்தது முகவரி, அதாவது டொமைன். இதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் வாங்குங்கள். முன்பு ஒருவர் சித்தப்பாவுக்குத் தளம் செய்து தருகிறேன் என்று முகவரியைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. பலகையில் அச்சடித்த பெயர் போனது போனதுதான். இன்னொன்று: முதல் வருடத்துக்குக் காட்டும் விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்கலாம். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும். சுருக்கமான ஆங்கில முகவரியே போதும்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது எழுத்தோடுதான். அச்சகத்தில் கொடுத்து வைத்திருந்த பழைய நோட்டீஸ் வாசகம் பாமினி எழுத்துருவில் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பழைய வகை அது. அதை அப்படியே ஒட்டினால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். எல்லாத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுத்து, ஒற்றெழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கூகுள் தேடலிலும் சிக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச எழுத்துரு, படிக்கவும் சுகம். வரிகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், கொம்பும் சுழியும் முட்டிக்கொள்ளாது. பொத்தான்களில் தமிழ்ச் சொல் நீளும். "தொடர்புகொள்ள" உடைந்து இரண்டு வரியானது. "பேச" என்று மாற்றினேன்.

படம் எடுக்கக் காலையில் மொட்டைமாடி நிழலுக்குப் போனோம். டியூப்லைட்டில் அரக்கு நிறம் ஒன்று, நேரில் ஒன்று; வாங்கியவர் திருப்பி அனுப்புவார். ஃபோனில் எடுத்த படம் ஒன்றே நான்கைந்து எம்பி வரும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும்.

கட்டுவது இதற்குப் பிறகுதான், அது இரண்டு நாள் வேலை. தளத்தை வைக்க சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம்), அதில் தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், கனமில்லாத ஒரு தீம், அதாவது தோற்ற அமைப்பு. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி வைக்கும் சான்றிதழான எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகக் காசு கேட்டால், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறதே என்று கேளுங்கள். முகவரியை ஹோஸ்டிங்குடன் இணைத்ததும் தளம் தெரியவில்லை என்று பதறாதீர்கள். சில மணி நேரம், சமயத்தில் இரண்டு நாள்கூட ஆகும். வாட்ஸாப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 மட்டும் வர வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. இதில் நானே ஒருமுறை கோட்டை விட்டேன்.

வெளியிடும் முன் சித்தியின் பழைய ஃபோனில், வைஃபையை அணைத்துவிட்டு, மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திறந்து பார்த்தோம். முகப்பில் இருந்த நகரும் படங்கள் வரவே இல்லை. அங்கேயே நின்று அவற்றைத் தூக்கினேன்.

புதுப்பிக்கும் தேதியைச் சித்தப்பா கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில், கரண்ட் பில்லுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார். நோட்டும் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. போன வாரம் அதில் ஆறாவதாக ஒரு கேள்வி: "கஞ்சி போடணுமா?"