மேனிஃபோல்டு பள்ளத்தாக்கின் பழைய ரயில் பாதையில் நடப்பது எப்படி

மூடிப்போன ரயில் பாதையின் கதை தெரிய வேண்டுமென்றால் அதன் மேலேயே நடக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஓடிய லீக் அண்ட் மேனிஃபோல்டு லைட் ரயில்வே. மொத்தமே 8 மைல். 1904 ஜூனில் திறந்தார்கள், 1934 மார்ச்சில் மூடிவிட்டார்கள். 1937-ல் அது நடைபாதையாகிவிட்டதால் வேலி தாண்டவோ அனுமதி கேட்கவோ வேண்டியதில்லை. எனக்கு இந்தப் பாதை மேல் தனிப் பிரியம்.

முதல் நாள் இரவே பழைய வரைபடத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பெயருள்ள ஊர் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வடக்கு முனையான ஹல்ம் எண்டில் தொடங்குங்கள். பழைய டிக்கெட் அலுவலகக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பாதையை அமைத்த எஞ்சினியர் எவராட் கால்த்ராப், மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வேயைப் போட்டவர். தண்டவாளங்களுக்கு நடுவே அங்கே விட்ட அதே இரண்டரை அடி அகலத்தை இங்கேயும் விட்டார். பழைய படங்களில் எஞ்சின் முகப்பில் பெரிய விளக்கு இருக்கும். பெட்டிகளுக்கு வெளிர் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

அப்புறம் ஸ்வைன்ஸ்லி சுரங்கம் வரும். உள்ளே நின்று மேலே பாருங்கள். இவ்வளவு சின்ன ரயிலுக்கு இத்தனை உயரம் எதற்கு? இதைவிட அகலமான வழக்கமான ரயில் பாதையில் வந்த சரக்கு வேகன்களை அப்படியே தாழ்வான வண்டிகள் மேல் ஏற்றி இந்தப் பாதையில் கொண்டுவந்தார்கள். சரக்கை இறக்கி மாற்றும் வேலை மிச்சம். இங்கிருந்து வெட்டன் மில் வரை கார்களும் வரும், ஓரமாக நடங்கள். வெட்டன் மில்லில் தேநீர் கிடைக்கும். தோர்ஸ் குகைக்கு ஏறுவதானால் மழை நாளில் வேண்டாம், அந்தச் சுண்ணாம்புப் பாறை வழுக்கும்.

கிரிண்டன் ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு வந்ததும் அந்தத் தாளை எடுங்கள். ஸ்டேஷன் ஆற்றங்கரையில், ஊர் மலை மேலே. வெட்டனும் பட்டர்டனும் அப்படித்தான். முதல் தடவை நான் பாதையோடு மட்டும் நடந்துவிட்டு, இந்த ரயில் ஏன் முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை என்பது புரியாமலே வீடு திரும்பினேன். அடுத்த தடவை ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு கிரிண்டனுக்கு ஏறினேன். பாதி வழியில் கை மாற்றினேன். கம்பிக் கைப்பிடி விரலில் சிவப்பாகப் பதிந்துவிட்டது. முக்கால் வழியில் கேனைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குள்ளேயே பஸ்ஸும் லாரியும் வந்த பிறகு, டிக்கெட் வாங்க யார் இந்தச் சரிவில் இறங்கி ஏறுவார்கள்? ரயிலைப் பிழைக்க வைத்திருந்தது பால்தான். எக்டன் ஸ்டேஷனை ஒட்டியிருந்த பால் பண்ணை 1932-ல் மூடியது. அதற்கு அப்புறம் ரயில் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. நீங்களும் ஒரு கேனோடு ஏறிப் பாருங்கள்.

பீஸ்டன் டோர் என்ற சுண்ணாம்புப் பாறைக் குன்றைத் தாண்டியதும் பாதை ஹாம்ப்ஸ் ஆற்றோடு ஏறத் தொடங்கும். ஆற்றை மாறி மாறிக் கடக்கும். கோடையில் தண்ணீர் நிலத்துக்கடியில் போய்விடுவதால் பாலங்களுக்கு அடியில் வெறும் கல்தான் கிடக்கும். ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது, ரயிலுக்காகச் சீராக்கிய சரிவு அது. கிரிண்டனுக்கு ஏறி வந்த காலென்றால் அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

வாட்டர்ஹவுஸஸில் பாதை முடிகிறது. அங்கே முன்னாலேயே ஒரு காரை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் இதே 8 மைலைத் திரும்ப நடக்க வேண்டும்.