சீல் முகத்தில் பள்ளம் வெட்டுவதற்கு முன்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பிலும் கம்ப்ரஸரிலும் ஷாஃப்ட் உறையை விட்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் என்பது அடிப்படையில் இரண்டு வளையங்கள். ஒன்று ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும். மற்றொன்று உறையில் அசையாமல் நிற்கும். இவற்றின் முகங்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய படலமே அந்தச் சீலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நீர் பம்புகளில் அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். முகங்களுக்கு இடையே வாயுப் படலம் நிற்கும் கம்ப்ரஸர்களின் உலர்வாயு சீல்களில் 3 முதல் 5 மைக்ரான் வரை இருக்கும். முகத்தில் நுண்ணிய சுருள்பள்ளங்களை வெட்டும்போது, சுழற்சி பாய்மத்தை (நீரையோ வாயுவையோ) பள்ளத்துக்குள் இழுத்துச் சென்று, பள்ளம் முடியும் இடத்தில் அழுத்தத்தை உயர்த்தி, முகங்கள் ஒன்றையொன்று உரசாதபடி பிரித்து வைக்கிறது.

படலத்தைக் கணக்கிடாமல் பள்ளத்தின் ஆழத்தை முடிவு செய்வதுதான் இத்துறையில் நான் அடிக்கடி காணும் தவறு. வாயு சீலுக்காக வரையப்பட்ட பள்ளத்தை அப்படியே எடுத்து நீர் பம்பின் சீலில் பொறிக்கும் திட்டப்பணிகள் இன்றும் வருகின்றன. நீரின் பாகுத்தன்மை காற்றைப் போல ஏறக்குறைய 50 மடங்கு என்பதால், காற்றில் முகத்தை அளவாகத் தூக்கிப் பிரிக்கும் பள்ளம் நீரில் தேவைக்கு மேல் தூக்கிவிடும். படலத்தின் வழியே கசியும் அளவு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 1 மைக்ரான் இடைவெளி 2 மைக்ரானாக மாறினாலே கசிவு எட்டு மடங்காகும். மறுபுறம், படலத்தைவிடப் பல மடங்கு ஆழமாக வெட்டப்பட்ட பள்ளத்தில் பாய்மம் தன் போக்கில் சுழன்று கொண்டிருக்குமே தவிர, அழுத்தம் போதிய அளவு எழாது. பள்ளத்தின் ஆழம் படலத் தடிமனுக்கு ஒன்று முதல் மூன்று மடங்குக்குள் இருப்பது நல்ல தொடக்கப் புள்ளி. அதன்பின், மெல்லிய படலத்தில் எழும் அழுத்தத்தைக் கணிக்க ரெனால்ட்ஸ் 1886இல் தந்த சமன்பாட்டைத் தீர்த்து, வேகம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றின் முழு வரம்பிலும் அதைச் சரிபார்க்க வேண்டும்.

பள்ளத்தை முகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீட்டுவது அடுத்த தவறு. தாமிரபரணியில் கன்னடியன் அணைக்கட்டு ஆற்றை மறித்து நிற்பதால்தான் நீர் மட்டம் உயர்ந்து கால்வாயில் ஏறுகிறது. அதுபோலப் பள்ளத்தின் முடிவில் வெட்டப்படாத ஒரு வளையப் பகுதி மறித்து நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் தூக்குவிசையும் குறையும். எந்திரம் நின்றிருக்கும்போது பள்ளங்களின் வழியாகவே கசிவும் ஏற்படும்.

சுழற்சித் திசையை வரைபடத்தில் குறித்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. ஒருதிசைச் சுருள்பள்ளம் எதிர்த்திசையில் சுழன்றால் பாய்மத்தை உள்ளே இழுப்பதற்கு மாறாக வெளியே தள்ளும்; படலம் மெலிந்து முகங்கள் உரசும். களத்தில் இது நேர்வதற்கு வழிகள் பல. மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டும்போது மூன்று ஃபேஸ்களில் இரண்டு இடம் மாறினால் போதும், பம்ப் தலைகீழாகச் சுற்றும். மின்சாரம் நின்றவுடன் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாவிட்டால், மேல்நிலைத் தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த நீர் திரும்பி இறங்கி பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். நெல்லைச் சீமையின் குடிநீரேற்று நிலையங்களைப் போல நெடுந்தொலைவுக்கு நீர் தள்ளும் இடங்களில், இதை நடக்கக்கூடிய நிகழ்வாகவே கருதி வடிவமைக்க வேண்டும். அங்கே இருதிசைக்கும் பொருந்தும் சமச்சீர்ப் பள்ளம் சற்றுக் குறைவாகத் தூக்கினாலும், நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

வெப்பத்தால் முகம் கூம்பாக வளைவதைக் கணக்கில் சேர்க்காதது கூர்ந்து நோக்க வேண்டிய பிழை. சராசரி விட்டம் 60 மில்லிமீட்டரும் அகலம் 4 மில்லிமீட்டரும் கொண்ட முகம், நிமிடத்துக்கு 2,900 சுற்றுகளில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1 மைக்ரான் நீர்ப்படலத்தின் உரசலில் மட்டும் சுமார் 50 வாட் வெப்பம் பிறக்கும். படலம் பாதியானால் அந்த வெப்பம் இருமடங்காகும். இந்த வெப்பமும் பாய்மத்தின் அழுத்தமும் சேர்ந்து வளையத்தை ஓரிரு மைக்ரான் சாய்த்துவிட்டால், அச்சாய்வு பள்ளத்தின் ஆழத்தோடு போட்டியிடும் அளவாகிவிடுகிறது. தட்டையான முகத்துக்குச் செய்த கணக்கு அப்போது செல்லாது. கொதிநிலைக்கு அருகில் இயங்கும் பாய்மங்களில் நிலைமை இன்னும் கடினம். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் என்ஜின்களில் பயன்படும் திரவ ஆக்சிஜன், வளிமண்டல அழுத்தத்தில் −183 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். இத்தகைய பாய்மம் சீல் இடைவெளியில் சிறிது சூடானாலும் ஆவியாகக்கூடும் என்பதால், நீருக்குத் தேறிய பள்ளத்தை அங்கே கொண்டுபோக முடியாது.

பொருள் தேர்வில் ஒன்றைச் சொன்னால் போதும்: பள்ளத்தைச் சிலிக்கான் கார்பைடு அல்லது டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடின வளையத்தில் வெட்ட வேண்டும். எதிரே உள்ள மென்மையான கார்பன் வளையத்தில் வெட்டினால், ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் நேரும் உரசலில் பள்ளம் தேய்ந்து மறையும்.

வண்டலை மறந்து வடிவமைப்பது நம் பகுதியில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டியது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீரில் கலந்து வரும் நுண்துகள்கள், சில மைக்ரான் ஆழமே உள்ள பள்ளத்தில் படிந்து அதை நிரப்பிவிடும். பெரிய துகள்கள் முகத்தையே கீறும். வெளியிலிருந்து தூய நீரைச் சீல் அறைக்குள் செலுத்தும் ஏற்பாடு இருந்தால் பள்ளமிட்ட முகம் பயன் தரும். அது இல்லாத இடத்தில், பள்ளமற்ற இரு கடின முகங்களே நீடித்து உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து. வண்டல் நீருக்குப் பள்ளத்தை எவ்வளவு திறமையாக வரைந்தாலும், வடிகட்டாத குறையை அது ஈடுசெய்யாது.

உற்பத்தியிலும் பழுதுபார்ப்பிலும் நேரும் தவறுகள் நல்ல வடிவமைப்பையும் கெடுத்துவிடும். லேசரால் வெட்டும்போது உருகிய பொருள் பள்ளத்தின் விளிம்பில் மேடாக உறைந்து நிற்கும். அதை மெல்லிய லேப்பிங்கால் (நுண்பொடி இட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவதால்) நீக்கிய பின்பே ஆழத்தை அளக்க வேண்டும். தட்டைத்தன்மையை ஹீலியம் விளக்கும் ஆப்டிகல் ஃபிளாட் என்னும் துல்லியத் தட்டைக் கண்ணாடியும் ஒளிக்கோடுகளாகக் காட்டும். அதில் ஒரு கோடு 0.29 மைக்ரானைக் குறிக்கும். ஆனால் அந்தச் சோதனை பள்ளத்தின் ஆழத்தைச் சொல்லாது, அதற்கு மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் புரொஃபைலோமீட்டர் வேண்டும். தேய்ந்த வளையத்தைப் புதுப்பிக்க அனுப்பும்போதும் இதே கவனம் தேவை: 6 மைக்ரான் பள்ளம் உள்ள முகத்தில் 2 மைக்ரானை லேப்பிங் செய்து எடுத்தால், மூன்றில் ஒரு பங்கு ஆழம் போய்விடுகிறது. எனவே பணி ஆணையிலேயே குறைந்தபட்ச எஞ்சிய ஆழத்தை எழுதி, அதற்குக் கீழே இறங்கிய வளையத்தைப் பம்பில் மாட்டக் கூடாது என்றும் குறிப்பிட வேண்டும்.