கொடி போட்ட பிராங்க் நோட்டு: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

1944 ஜூன் 6-ஆம் தேதி, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சை மீட்க நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைவீரர்களிடம் பிரெஞ்சு பிராங்க் நோட்டுகள் இருந்தன. அவை பிரான்சில் அச்சானவை அல்ல. அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம் ஃபோர்ப்ஸ் லித்தோகிராஃப் அச்சகத்தில் அடித்தவை.

பலர் இவற்றை ‘நேச நாட்டு ராணுவப் பணம்’ என்று எழுதி, அதே போரில் நேச நாடுகள் இத்தாலிக்காக அடித்த லிரா நோட்டுகளோடு ஆல்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். லிராவில் அந்தப் பெயர் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருக்கும். பிராங்கில் பிரான்சில் வெளியிடப்பட்டதாகப் பிரெஞ்சில் ஒரு சிறு வரி, அவ்வளவுதான். வெளியிட்டவர் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த வெற்றிடம்தான் இந்த நோட்டின் முழுக்கதை. ஜெர்மனியை எதிர்த்து வெளியிலிருந்து போராடிய பிரெஞ்சுத் தலைவர் தெ கோலின் குழுவை அரசாங்கமாக ஏற்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு மனமில்லை; அதனால் ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்று போடவும் சம்மதிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் தன் நாட்டுக்குப் பணம் அடிப்பதா என்று கொதித்த தெ கோல், இதைக் கள்ளப் பணம் என்றே சொன்னார். அக்டோபரில்தான் அமெரிக்கா அவருடைய அரசை அங்கீகரித்தது. ஆல்பத்தில் குறிப்பு எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பின்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசுவது. முதல் வரிசையில் நடுவே மூவர்ணக் கொடி இருக்கும். அடுத்த வரிசையில் கொடியை எடுத்துவிட்டு ‘பிரான்ஸ்’ என்ற சொல்லைப் போட்டார்கள். இரண்டிலும் ‘1944 வரிசை’ என்றுதான் இருக்கும், ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. இணையத்தில் வாங்கினால் இரு பக்கப் படமும் கேளுங்கள்.

2, 5, 10 பிராங்க் நோட்டுகள் கிட்டத்தட்டச் சதுரம். பாதியாக வெட்டியது என்று ஒதுக்கிவிடாதீர்கள், அளவே அதுதான். 50-லிருந்து மேலே உள்ளவை அமெரிக்க டாலர் அளவில், இதைப்போல இரு மடங்கு நீளம் இருக்கும்.

விரலால் தடவிப் பார்த்து, எழுத்து மேடாக இல்லை, போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. இது ஆஃப்செட் அச்சு. தாளோடு தாளாகத்தான் இருக்கும். மடிப்பு போகட்டும் என்று இஸ்திரி போடுவது, லேமினேட் செய்வது இரண்டும் வேண்டவே வேண்டாம். தேய்த்த தாளில் உயிர் இருக்காது. லேமினேட்டைப் பிரித்தால் அச்சும் கூடவே வரும்.

5000 பிராங்க் நோட்டு மலிவாக வந்தால் மட்டும் நிதானியுங்கள். அன்றைய மாற்று விகிதம் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 200 பிராங்க். அதாவது 25 பவுண்டு! சிப்பாய்கள் கையில் சாதாரணமாகப் புழங்கிய தொகை அல்ல அது. நல்ல நிலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.