மாற்று எரிசக்தி: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு ஒரு சோலார் நிறுவனத்தின் விலைப்பட்டியல் வந்தது. முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "5 கிலோவாட்". மச்சான் உடனே கணக்குப் போட்டார். மணிக்கு 5 யூனிட், பகல் 12 மணி நேரம், அப்படியானால் நாளுக்கு 60 யூனிட், மாதம் 1,800. "இனிமேல் கரண்ட் பில்லே வராது போலிருக்கே" என்றார்.

நம் மலேசியாவில் 5 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரியாக 17, 18 யூனிட்தான் கொடுக்கும். சோலார் பலகையில் எழுதியிருக்கும் எண், 25 டிகிரி சூட்டில், நல்ல வெளிச்சத்தில் சோதித்துப் போட்டது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். பினாங்கில் மதியத்துக்குப் பிறகு மேகம் கூடுவதைச் சொல்லவே வேண்டாம். நண்பகலில் ஓட்டுக்கூரை மேல் பலகை 60 டிகிரியைத் தொடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். சோலாருக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு எதிரி. மச்சானைக் கூட்டிக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தின் நிழல் கூரையின் மேற்கு ஓரத்தில் நன்றாகவே விழுந்திருந்தது. தொடராக இணைத்த பலகைகளில் ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கலாம். விலைப்பட்டியலில் அந்த மரம் இல்லை.

திறனையும் உற்பத்தியையும் ஒன்றாக நினைக்கும் இந்தத் தவறுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர். நாட்டளவில் பேசும்போதும் இதையே செய்கிறோம். "அணு உலை 1,000 மெகாவாட், சோலார் பண்ணையும் 1,000 மெகாவாட், இரண்டும் சமம்தானே?" நன்றாக ஓடும் அணு உலை ஆண்டு முழுவதும் சேர்த்துத் தன் திறனில் 90 விழுக்காடு வரை உற்பத்தி செய்யும். இங்கே சோலார் 15 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். அதே அளவு யூனிட் வேண்டுமென்றால் 6,000 மெகாவாட் சோலார் தேவை. ஒரு மெகாவாட்டுக்கு ஒரு ஹெக்டர் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் 60 சதுர கிலோமீட்டர் நிலம், அதாவது பினாங்குத் தீவில் ஐந்தில் ஒரு பங்கு. கூரைகளை முதலில் நிரப்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, யூனிட்டைச் சரியாக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நேரம். மச்சான் வீட்டில் பகலில் யாரும் இருப்பதில்லை. ஏர்கோன் ஓடுவது இரவு பத்து மணிக்கு மேல். பகலில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியமான தெனாகாவுக்குக் கொடுத்து, இரவில் எடுக்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளும் வசதி வீட்டுக்காரர்களுக்கு இருந்தது. நெம் (NEM) எனப்படும் அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 நடுவில் முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் கட்டண அமைப்பும் மாறியது. "நாலு வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும்" என்று நண்பர் சொன்னால், அவர் எந்த ஆண்டு போட்டார் என்று கேளுங்கள். பழைய விதியில் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், பகல் முழுக்கக் குளிர்ப்பெட்டி ஓடும் மளிகைக் கடைக்கு இதே சோலார் வேறு மாதிரி லாபம் தரும்.

காற்றாலை பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள். நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "பினாங்குக் கடற்கரையில், குர்னி டிரைவில் இவ்வளவு காற்று அடிக்கிறதே, இங்கே ஏன் வைக்கவில்லை?" என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து அனுப்புகிறது. நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், காற்று மந்தமான பகுதியில் இருக்கிறோம். வடகிழக்குப் பருவக்காற்றையும் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பெரிய காற்றாலைகள் சுற்றத் தொடங்கவே விநாடிக்கு மூன்று மீட்டர் வேகமாவது வேண்டும். நம் சராசரி அதைத் தாண்டவே திணறுகிறது. முகத்தில் படும் கடல் காற்று சுகமாக இருக்கும், ஆனால் மின்சாரத்துக்குப் போதாது.

மின்சாரம் எடுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) கழிவு "சும்மா கிடைக்கிறது" என்பதும் பாதி உண்மைதான். பழம் எடுத்த வெறுங்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைப் பிழிந்து, லாரியில் ஏற்றி, எரித்தால் பொட்டாசியம் நிறைந்த சாம்பல் கொதிகலனில் படியும். அதைவிட, ஆலைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்து வரும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது நல்ல யோசனை. விட்டால் அது காற்றில்தான் கலக்கப் போகிறது.

ஆபத்தை எடைபோடும்போது நம் பயம் சத்தத்தின் பின்னால் ஓடுகிறது. செர்னோபில் 1986, புக்குஷிமா 2011 எல்லோருக்கும் தெரியும். 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரம் பேர் இறந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் கேமரன் மலையிலேயே 2013 அக்டோபரில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. ஒரு யூனிட்டுக்கு எத்தனை உயிர் என்று கணக்கிட்டால் மிக மோசமான பக்கத்தில் இருப்பது நிலக்கரி. அணுவும் காற்றும் சோலாரும் மிகக் குறைந்த பக்கத்தில். மஞ்சோங் மின்நிலையத்தில் எரிகிற நிலக்கரிக்கு யாரும் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

அதற்காக அணு உலையைக் கட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் கவலை பணமும் காலமும். பிலிப்பீன்ஸின் பாத்தான் அணு உலைக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவானது. கட்டி முடித்தும் ஒரு யூனிட்கூட எடுக்கவில்லை. கடனை 2007 வரை மக்கள் கட்டினார்கள். "சுத்தம்" என்று பெயர் வாங்கியவற்றுக்கும் பின்பக்கம் உண்டு. காற்றாலையிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் காந்தங்களுக்கு அரிய மண் தாதுக்கள் வேண்டும். அவற்றைப் பிரித்த ஆலை ஒன்று ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேராவில் தோரியக் கழிவை விட்டுச் சென்றது. ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 1994இல் மூடப்பட்டது. அந்தக் கழிவையும் சேர்த்தே செலவு எண்ண வேண்டும்.

மச்சான் விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்பி நான்கு கேள்வி கேட்டார்: ஆண்டுக்கு எத்தனை யூனிட், இன்றைய விதியில் மிஞ்சும் யூனிட்டுக்கு என்ன மதிப்பு, மரநிழலுக்கு எவ்வளவு கழித்தீர்கள், பலகை 25 ஆண்டு ஓடும்போது இடையில் இன்வெர்ட்டர் மாற்ற எவ்வளவு. இரண்டாவது பட்டியலில் காசு திரும்பும் காலம் நாலிலிருந்து ஏழு ஆண்டாக ஏறியிருந்தது. அப்புறம் மேற்கு ஓரத்துப் பலகைகளை எடுத்துவிட்டு, துணி துவைப்பதை நண்பகலுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.