முதலில் டிரம்மரின் காது: மேடையில் டிராக் வைத்து வாசிக்கும் முறை

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இப்பால் மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளில் இன்னிசைக் கச்சேரி என்றும், அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் கானமேளா என்றும் சுவரொட்டியில் அச்சாகும் நிகழ்ச்சிகளில், எட்டுப் பேர் மட்டுமே உள்ள குழுவிடமும் திரைப்பாடலில் கேட்ட வயலின் வரிசையையும் கோரஸையும் அப்படியே எதிர்பார்க்கிறார்கள். அதற்காகத்தான் குழுக்கள் டிராக், அதாவது மேடையில் ஆள் இல்லாத வாத்தியங்களை முன்கூட்டியே பதிந்து லேப்டாப்பிலிருந்து ஓடவிடும் இசை, வைத்துக்கொள்கின்றன. ஆனால் லேப்டாப்புக்கும் டிராக் செய்து தருபவருக்கும் பணம் கொடுத்து முடித்த பிறகே, டிரம்மர் அதை எதில் கேட்கப்போகிறார் என்ற கேள்வி எழுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். டிரம்மரின் காதுக்கு முதலில் செலவு செய்யுங்கள். டிராக்கை அதன் பிறகு வாங்கலாம்.

மேடையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாசிப்பார்கள். டிராக் யாருக்காகவும் நிற்காது. டிரம்மர் ஒருவர் அதனோடு பிசகாமல் நின்றுவிட்டால், மற்ற அனைவரும் வழக்கம்போல் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். மேடைக்கு முன்னால் உள்ள ஸ்பீக்கரின் ஒலியைக் கேட்டு இதைச் செய்ய முடியாது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மீட்டருக்கு 3 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் தள்ளி, மைதானத்தைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கரை நம்பி வாசிப்பவர் டிராக்குக்கு 30 மில்லி நொடி பின்தங்குவார். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் கால் பகுதியே 125 மில்லி நொடிதான் என்பதால், டிராக்கில் உள்ள தாளமும் மேடையில் விழும் ஸ்னேர் டிரம் அடியும் இரண்டாகப் பிரிந்து கேட்கும். அவர் பின்னால் மானிட்டர் பெட்டி (வாசிப்பவர் கேட்பதற்கான ஸ்பீக்கர்) ஒன்றை வைத்து அதில் கிளிக், அதாவது பாட்டின் வேகத்தைக் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி, கொடுப்பதும் தீர்வாகாது. டிரம்ஸ் மைக்குகள் அந்தக் கிளிக்கை எடுத்து ஊர் முழுவதற்கும் ஒலிபரப்பிவிடும்.

ஆகவே டிரம்மருக்குக் காதுக்குள் செருகி நன்றாக அடைக்கும் இன்-இயர் இயர்போனோ, மூடிய வகை ஹெட்போனோ தேவை. அவர் எழுந்து நடமாடுவதில்லை என்பதால் வயர்லெஸ் கருவிக்குப் பணம் போட வேண்டியதில்லை. நீளமான வயரும், பேட்டரியில் இயங்கும் சிறிய ஹெட்போன் ஆம்பிளிஃபயரும் போதும். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு அறவே ஆகாது, ஏனெனில் அதில் ஒலி பெரும்பாலும் நூறு மில்லி நொடிக்கும் மேல் தாமதமாகவே வந்து சேரும். வெளிச்சத்தம் உள்ளே வராத அளவுக்குக் காது அடைபட்டிருந்தால் கிளிக்கைக் குறைந்த அளவிலேயே கேட்கலாம் என்பது இதில் உள்ள பெரிய நன்மை. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் நியாஷ் (NIOSH) நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரத்தை வரம்பாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும். மூன்று மணி நேரக் கச்சேரியில் சிம்பலுக்கு மேலாகக் கிளிக்கை ஏற்றிக்கொண்டே போகும் இளைஞர்களிடம் குழுத் தலைவர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டிரம்மரின் இடக்கை எட்டும் தூரத்தில், ஹை-ஹேட் எனும் இரட்டைச் சிம்பலுக்குப் பக்கத்தில், நான்கு சேனல் உள்ள சிறு மிக்சர் ஒன்றை வையுங்கள். முதல் சேனலில் கிளிக், இரண்டாவதில் டிராக், மூன்றாவதில் சவுண்ட் சர்வீஸ்காரரின் பேனலிலிருந்து (மேடையின் முழு ஒலியையும் கலக்கும் பெரிய மிக்சர்) ஆக்ஸ் எனும் தனி அவுட்புட் வழியாக வரும் பாடகர் குரலும் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் இருக்கட்டும். நான்காவதை மைதானத்தின் ஒலிக்காக ஒரு மைக்குக்கு விட்டுவைத்தால், காதை அடைத்துக்கொண்டு தனித்துப்போன உணர்வு டிரம்மருக்கு வராது. எதை எவ்வளவு கேட்பது என்பதை அவரே திருகி முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் பேனல்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருப்பவரால் நிதானமாக வாசிக்க முடியாது.

விலை கூடிய கருவி வாங்க இயலாத நிலையில், டிராக்கை ஒரே ஸ்டீரியோ கோப்பாகச் செய்து, இடது பக்கம் முழுக்கக் கிளிக்கும் வலது பக்கம் முழுக்க இசையும் வைக்கலாம். லேப்டாப்பிலிருந்து வரும் இரண்டில் இடதை டிரம்மரின் மிக்சருக்கும் வலதை டி.ஐ. பெட்டி (லேப்டாப் போன்றவற்றின் ஒலியைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வழியாகப் பேனலுக்கும் அனுப்ப வேண்டும், டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சு (எர்த் இணைப்பைத் துண்டிப்பது), ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைப் பெரும்பாலும் நீக்கிவிடும். வசதி உள்ளவர்கள் லேப்டாப்பின் ஒலியைத் தனித்தனி வழிகளில் வெளியே தரும், நான்கு அவுட்புட் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, முதல் இரண்டில் இசையையும் மூன்றாவதில் கிளிக்கையும் நான்காவதில் அடுத்த பகுதி எது என்று சொல்லும் குரல் குறிப்பையும் அனுப்பலாம். யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் வரை லேப்டாப்பின் பேட்டரி இரண்டையும் தாங்கும். எந்த ஏற்பாடாக இருந்தாலும், சவுண்ட் செக்கின்போது கிளிக்கை மட்டும் ஓடவிட்டு, ஒருவர் மைதானத்தில் இறங்கி நின்று, ஸ்பீக்கரில் ஒரு துளியும் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

கிளிக்கின் ஒலி மரக்கட்டையைத் தட்டியதுபோல் குறுகியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் சிம்பல்களுக்கு நடுவிலும் கேட்கும். நிமிடத்துக்கு 70 தட்டு போன்ற மெதுவான பாட்டுகளில் இடையில் ஒரு மெல்லிய தட்டு சேர்த்துக் கொடுங்கள். இடைவெளி நீளும்போது யாருக்கும் கை முன்பின் ஆகும். ஆறெட்டு (6/8) தாளத்தில் ஓடும் பாட்டுகளுக்கு ஆறு தட்டும் வேண்டும், முதலாவதும் நான்காவதும் அழுத்தமாக ஒலிக்க வேண்டும். பாட்டு தொடங்கும் முன் இரண்டு சுற்று வெறும் கிளிக் விடுங்கள். ‘சரணம் ரெண்டு’, ‘பல்லவி’ என்று குழுவில் ஒருவர் தம் குரலில் பதிந்து, அந்தப் பகுதிக்கு ஒரு சுற்று முன்பாக டிரம்மரின் காதில் ஒலிக்கச் செய்வது மிகுந்த பயன் தரும். பல்லவியும் சரணமும் மலையாளத்திலும் அவையே என்பதால், கேரளப் பக்கத்திலிருந்து டிரம்மர் வந்தாலும் தடுமாற்றம் இராது.

டிராக்கில் எதை வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேடையில் ஆள் இருக்கும் வாத்தியத்தை டிராக்கில் வைக்கக் கூடாது. புல்லாங்குழல்காரர் உட்கார்ந்திருக்கும்போது டிராக்கில் புல்லாங்குழல் ஒலிப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. டிராக்கைப் பேஸ் கிட்டாரையும் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) நீக்கிவிட்டு வாங்குங்கள். மேடையில் வாசிக்கும் பேஸும் கிக்கும் அவற்றோடு மோதி அடிப்பகுதியே குழம்பிவிடும். கோப்பு எம்.பி.3 ஆக இல்லாமல் வேவ் ஆக இருக்கட்டும், எல்லாப் பாட்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கட்டும். திருவிழா மைதானத்தில் ஸ்பீக்கர்கள் தெரு நெடுகப் பரவி நிற்பதால் இசையை மோனோவாகவே, அதாவது இடது வலது பிரிவில்லாமல் ஒரே ஒலியாக, அனுப்புவது நல்லது, ஆனால் அதை முன்கூட்டியே மோனோவில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவில் அகலமாக ஒலிக்கும் சில கீபோர்டு ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமல் போய்விடும். கமிட்டியார் கேட்கிறார்கள் என்று செண்டைக் குழுவைச் சேர்த்துக்கொள்ளும் பாட்டுக்கு டிராக்கே வேண்டாம், ஏனெனில் மேளம் சூடேறும் வேகத்தைக் கிளிக்குக்குள் அடைக்க முடியாது.

டிராக்கைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டிரம்மரின் பொறுப்பாக இருக்கட்டும். கால் சுவிட்சோ எலக்ட்ரானிக் டிரம் பேடில் ஒரு கட்டமோ அதற்குப் போதும். பாடகர் இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்துவிட்டால், அந்த நொடியில் டிராக்கைத் துரத்திப் பிடிக்க யாரும் முயலக் கூடாது: டிரம்மர் அதை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்து வாசிக்க வேண்டும், கீபோர்டுக்காரர் முக்கியமான வயலின் வரிகளைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நின்ற டிராக்கை அந்தப் பாட்டில் மீண்டும் தொடங்க வேண்டாம். இதற்காகவே ஒத்திகையில், யாருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல், பாட்டின் நடுவில் ஒருவர் டிராக்கை நிறுத்திப் பார்க்க வேண்டும்; டிராக் வைத்த பாட்டு ஒவ்வொன்றையும் டிராக் இல்லாமலும் ஒரு முறை முழுமையாக வாசித்துப் பார்க்க வேண்டும். அப்படி வாசித்து நிற்காத பாட்டை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.